அந்த வரியை நீ அவரிடம் கேட்டாய்

அன்புள்ள மகளுக்கு,

எட்டாம் வகுப்பில் படிக்கும்போது நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். அந்த நேரத்தில் நான் உனக்கு அம்மா இல்லை. பள்ளிக்கூட வாசலுக்குள் நுழைந்துவிட்டால் டீச்சர்தான் என்று நானே போட்ட சட்டம். பாளையக்காரர் போரைப் பற்றிய பாடம் நடந்தது. கரிசல் காட்டில் நின்ற ஒரு மண் கோட்டையைப் பீரங்கிகளோடு வந்த வெள்ளைக்காரப் படை முட்டிப் பார்த்துத் திணறிய கதையைச் சொல்லிவிட்டு, வழக்கம்போல அந்த வரியோடு முடித்தேன். ‘மண் சுவர் என்றுதான் வந்து மோதினோம், நீருக்குள் நிற்கும் பாறை என்பது உடைந்த பிறகுதான் தெரிந்தது.’ எதிரிப் படையின் தளபதியே இப்படிச் சொன்னான் என்று நான் நிறுத்தும்போது வகுப்பு எப்போதும் கொஞ்ச நேரம் பேச்சில்லாமல் இருக்கும். அந்த அமைதிக்காகவே வருடா வருடம் அதைச் சொன்னேன் என்றுகூடச் சொல்லலாம். அன்று நீ அந்த அமைதிக்குள் எழுந்து நின்றாய்.

"டீச்சர், இத அவரு யாருட்ட சொன்னாரு?"

பிள்ளைகள் சிரித்தார்கள். நீ உட்காரவில்லை. சண்டை நடக்கும்போது சொன்னாரா, ஊருக்குத் திரும்பிப் போய்ச் சொன்னாரா, பக்கத்தில் நின்று கேட்டவர் யார், அதை எழுதி வைத்தவர் யார் என்று அடுக்கிக்கொண்டே போனாய். எனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. நான் அதைப் பேச்சுப் போட்டிக் காலத்தில் மனப்பாடம் செய்தவள். எனக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சரும் அப்படித்தான் கற்றிருப்பார். "கண்டுபிடிச்சுச் சொல்லுதேன், உக்காரு" என்றேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து பையைக் கழற்றுவதற்குள் கண்டுபிடித்தாகிவிட்டதா என்று நீ கேட்க, இனி நாம் இரண்டு பேரும் சேர்ந்து தேடுவோம் என்று நான் சொன்னேன். உனக்கும் எனக்கும் மட்டுமான ஒரு காரியம் அன்று தொடங்கியது.

உனக்குத் தெரிந்த கதையை உனக்கே ஏன் எழுதுகிறேன் என்று நினைப்பாய். காரணம் இருக்கிறது. உன் கல்யாணத் தேதி குறித்த நாளிலிருந்து நான் உன்னிடம் சரியாகப் பேசவில்லை. போன் செய்தால் அப்பாவிடம் கொடுத்துவிடுகிறேன். புடவை எடுக்கக் கூப்பிட்டாய், முழங்கால் வலி என்றேன். மாப்பிள்ளை கடற்கரைக் கிறிஸ்தவக் குடும்பம் என்பதால் அம்மாவுக்கு மனசு ஒப்பவில்லை போலிருக்கிறது என்று நீ நினைத்துக்கொண்டிருப்பதாக அப்பா சொன்னார். நம் சொந்தக்காரர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். உன் பெரியம்மா வந்து என் கையைப் பிடித்து, மனசைத் தேற்றிக்கொள் என்று சொல்லிவிட்டு இரண்டு காப்பி குடித்துவிட்டுப் போனாள். அவளிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் சிரித்திருப்பாள். அந்தப் பையனையும் எனக்குப் பிடிக்கும், அவர்கள் மாதா கோயிலையும் எனக்குப் பிடிக்கும். எனக்கு உனக்கு மாமியாராக வரப்போகும் அத்தையின் மேல் பொறாமை. எழுதும்போதே கை கூசுகிறது, ஆனால் அந்த வார்த்தையைத் தவிர வேறு வார்த்தை பொருந்தவில்லை.

நாம் தேடிய ஞாயிற்றுக்கிழமைகளை நீ எவ்வளவு ஞாபகம் வைத்திருக்கிறாய் என்று தெரியவில்லை. எனக்கு ஒவ்வொன்றும் ஞாபகம் இருக்கிறது. திருநெல்வேலி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உனக்கு, உன் பை என் மடியில். பாளையங்கோட்டையில் ஒரு பழைய நூலகத்தில் அந்தத் தளபதி பின்னாளில் எழுதிய தடிமனான ஆங்கிலப் புத்தகம் கிடைத்த நாளில் நீ பெஞ்சில் இருந்து குதித்தாய். அகராதியை நடுவில் வைத்துக்கொண்டு, ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் என்று உட்கார்ந்து படித்தோம். மண் சுவர் இருந்தது, பீரங்கி இருந்தது, செத்தவர்களின் பெயர்கள் இருந்தன, அவருடைய ஆச்சரியமும் இருந்தது. நம் வரி இல்லை. கடைசிப் பக்கத்தை மூடியபோது உன் முகம் தொங்கிப்போயிற்று. நான் உனக்கு வெளியே பஜ்ஜி வாங்கிக்கொடுத்து, இல்லை என்று தெரிவதும் ஒரு கண்டுபிடிப்புதான் என்று சொன்னேன். கிணற்றில் இறங்குகிறவன் ஒவ்வொரு படியாகத்தான் இறங்க வேண்டும். ஒரு புத்தகம் இந்த வரியைச் சொன்னால் அது எந்தப் புத்தகத்தைப் பார்த்து எழுதியது என்று அடுத்த படிக்குப் போக வேண்டும் என்று காட்டினேன். நாம் அப்படியே இறங்கினோம். வரலாற்று நூல், அதற்கு முன் ஒரு விழா மலர், அதற்கு முன் மாணவர்களுக்கான பேச்சுப் போட்டிக் கட்டுரைத் தொகுப்பு ஒன்று. அதற்குக் கீழே படி இல்லை. தண்ணீரும் இல்லை. அந்தத் தொகுப்பில் வெறுமனே ‘ஓர் ஆங்கிலத் தளபதி’ என்று இருந்தது. பின்னால் வந்தவர்கள்தான் அதற்கு ஒரு பெயரை ஒட்டியிருந்தார்கள். அந்தப் பெயரை இந்தக் கடிதத்தில் நான் எழுதப்போவதில்லை. சொல்லாத வார்த்தைக்காக அந்த மனிதரை இன்னொரு முறை இழுக்க வேண்டாம்.

நீ கல்லூரிக்குப் போனாய், வேலைக்குச் சென்னை போனாய். அப்போதும் ஊருக்கு வந்தால் முதல் கேள்வி, "ஏதாவது கிடச்சிச்சா?" என்பதுதான். மற்ற அம்மாக்களிடம் பிள்ளைகள் என்ன சாப்பாடு என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். நீ என்னிடம் அதைக் கேட்டுக்கொண்டு வருவாய். இந்தத் தேடலைப் பற்றி அப்பாவிடம்கூட நாம் முழுதாகச் சொன்னதில்லை. அவருக்கு உப்பு வியாபாரம், உப்பளம், லாரி. நமக்கு இது.

அதனால்தான், பள்ளியில் பழைய மாணவர்கள் சேர்ந்து கட்டிய புதுக் கட்டடத்தின் வாசலில் ஒரு கல் பதிக்கப்போகிறோம், அதில் பொறிக்க ஒரு வரி கொடுங்கள் டீச்சர் என்று தலைமையாசிரியை கேட்டபோது, யோசிக்காமல் இந்த வரியைக் கொடுத்தேன். கீழே சொன்னவர் பெயர் வேண்டும் என்றார். பார்த்துச் சொல்கிறேன் என்று நாள் கடத்தினேன். கல் வந்து பள்ளிக்கூட வராந்தாவில் சாய்ந்து கிடந்தது.

அந்தச் சமயத்தில்தான் உன் கல்யாணத் தேதி குறித்தோம், அன்று மாப்பிள்ளை வீட்டில் நமக்கு விருந்து. நீ, நான், அப்பா மூவரும் போனோம். சமையலறையை அவர்கள் வீட்டில் குசினி என்றுதான் சொல்கிறார்கள். அத்தை குசினியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தார். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், என்னைவிட நன்றாக ஆங்கிலம் பேசுகிறவர், சமையலுக்கு ஆளும் இருக்கிறது; ஆனாலும் மருமகளுக்கு மீன் மட்டும் நானே பொரிப்பேன் என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றார். அதைப் பார்த்ததுமே எனக்கு ஒரு சின்ன எரிச்சல் வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். பேச்சு எப்படியோ கட்டடத்துக்கும் கல்லுக்கும் போயிற்று. நீ அந்த வரியைச் சொன்னாய். அதோடு விடவில்லை. எட்டாம் வகுப்பில் நீ கேட்டது, பாளையங்கோட்டை, பஜ்ஜி, அகராதி என்று நம்முடைய எல்லாவற்றையும் எடுத்து அந்தக் கூடத்தில் பரப்பி வைத்தாய். மாப்பிள்ளை ரசித்துக் கேட்டான். நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அத்தை கரண்டியோடு குசினி வாசலுக்கு வந்தார். "அந்த வரியை இன்னொரு மட்டம் சொல்லு, பாப்பம்" என்றார். நீ சொன்னாய்.

"அது எங்க அப்பா சொன்னதுல்லா" என்றார் அவர்.

அவருடைய அப்பா தோணிக்காரர், கொழும்புக்குச் சரக்குத் தோணியில் போய்வந்தவர் என்று நமக்குத் தெரியும். தெரியாததை அன்று சொன்னார். கடல் கொந்தளிக்கும் மாதங்களில் தோணிகள் கரையில் கிடக்கும். அந்த மாதங்கள்தான் உள்நாட்டுக் கிராமங்களில் கோயில் கொடை விழா நடக்கும் காலம். ஓட்டப்பிடாரம் தாண்டி ஓர் ஊரில் கொடைக்குக் கோட்டைச் சண்டையை நாடகமாகப் போடுவார்கள். ராஜா வேஷத்துக்கு அடிதடி நடக்கும், துரை வேஷத்துக்கு அந்த ஊரில் ஆளே கிடைக்காது. ஏனென்றால் துரை மேடைக்கு வந்ததும் சனங்கள் மண்ணாங்கட்டி எடுத்து எறிவார்கள். அதனால் தூத்துக்குடியிலிருந்து ஒரு வெளியாளைக் கூட்டிப் போவார்கள். கப்பல்காரர்கள் கொடுத்த கோட்டும் தொப்பியும் வைத்திருந்த அவருடைய அப்பா பல வருடம் அங்கே துரையாக நின்றிருக்கிறார். நாடக முடிவில் துரை கோட்டையைப் பார்த்து இந்த வரியைச் சொல்வாராம். வீட்டில் பிள்ளைகள் கேட்டால் நடித்துக் காட்டுவாராம். "நெத்தியில ஒரு தழும்பு உண்டு அப்பாவுக்கு, தோணியில பாய்மரக் கட்ட அடிச்சது. துரை தொப்பி போட்டா அது மறஞ்சிரும். அப்ப நல்லா இருப்பாரு" என்று அத்தை சிரித்தார்.

நீ நாற்காலியை இழுத்துக்கொண்டு குசினி வாசலுக்கே போய்விட்டாய். என்னவெல்லாமோ கேட்டாய். அப்போது உன் முகம் எப்படி இருந்தது என்று உனக்குத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும். பெஞ்சில் இருந்து குதித்த அன்று இருந்த அதே முகம். அந்த முகம் என்னுடையது என்று நான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். இவ்வளவு பஸ் ஏறி, இவ்வளவு தூசியைத் தின்று நான் தேடியதை அவர் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே உனக்குக் கொடுத்துவிட்டார்.

"அப்படி இருக்காது" என்றேன் நான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நாடகக்காரர்கள் பிரபலமான வரியை எங்கிருந்தாவது எடுத்துச் சேர்த்திருப்பார்கள், அது முதலில் புத்தகத்தில்தான் இருந்திருக்க வேண்டும் என்று டீச்சர் குரலில் சொன்னேன். அத்தை கோபப்படவில்லை. "இருக்கலாம் மதினி" என்று சொல்லிவிட்டு எனக்கு நடுத்துண்டை எடுத்து வைத்தார். அது எனக்கு இன்னும் எரிந்தது.

ஆட்டோவில் திரும்பினோம். வீட்டு வாசலில் இறங்கிப் பூட்டைத் திறக்கும்போது அப்பா சொன்னார். "ஏளா, மவள அவுக எடுத்துட்டுப் போறாக, அது ஒனக்குச் சம்மதம். கேள்வியையும் எடுத்துட்டுப் போயிட்டாகளேன்னுதான் வெசனப்படுதே." சாவியைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

மறுநாளே கிளம்பிவிட்டேன். எதற்கு என்று மறைக்காமல் சொல்கிறேன்: அத்தை சொன்னது தப்பு என்று நிரூபிக்க. இங்கே ஒரு பாடம் இருக்கிறது, கேள். நம் தூத்துக்குடியில் எந்த மக்ரூன் பலகாரக் கடைக்குப் போனாலும் ஊரிலேயே முதல் கடை தங்களுடையதுதான் என்பார்கள். யாரும் பொய் சொல்லவில்லை; எல்லோருக்கும் அவரவர் அப்பா சொன்னது அது. வீட்டுப் பெருமையை அப்படியே சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதற்காக வீட்டுப் பெருமை என்பதாலேயே தள்ளிவிடவும் கூடாது. அந்த வீட்டோடு பழக்கமில்லாத இன்னொரு வாயிலிருந்து அதே செய்தி வருகிறதா என்று பார்க்க வேண்டும். முக்கியமாக, எது முந்தியது, எது பிந்தியது என்று பார்க்க வேண்டும். நாடகத்துக்கு முன்பே அந்த வரி இருந்திருந்தால் அத்தையின் அப்பா வெறும் வசனம் சொன்னவர். நாடகத்தில்தான் பிறந்தது என்றால் அந்த வரியையே உண்டாக்கியவர் அவராக இருக்கலாம். அவர் வெறும் வசனம் சொன்னவராக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் ஓட்டப்பிடாரம் பஸ்ஸில் ஏறினேன். வகுப்பில் ஒரு சந்தேகத்துக்கு நான் சொல்லிச் சமாளித்த பதிலும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. தரையில் நடந்து வந்து சண்டை போட்ட ஆள் ஏன் நீருக்குள் இருக்கும் பாறையைப் பற்றிப் பேசுகிறான் என்று ஒரு பையன் கேட்டிருக்கிறான். கப்பலில் வந்தவன்தானே, அதனால் என்று சொல்லி அவனை உட்கார வைத்தேன். கொழும்புக்குப் போகிற தோணிக்காரன் எதற்குப் பயப்படுவான் என்று நான் யோசித்ததே இல்லை.

அந்த ஊரில் கோயிலுக்குப் பக்கத்திலேயே ஒரு மளிகைக் கடை இருக்கிறது. பழைய கொடை நாடகம் பற்றிக் கேட்டதும், கடை அண்ணாச்சியிடம் கேளுங்கள், சின்னப் பிள்ளையில் ஒரு வருடம் விடாமல் பார்த்தவர் என்று கோயிலில் கை காட்டினார்கள். அண்ணாச்சிக்கு வயதாகிவிட்டது, ஆனால் குரல் மட்டும் கடைத் தெரு முழுக்கக் கேட்கும். நான் யார், எதற்குக் கேட்கிறேன் என்று சொல்லவில்லை. துரை வேஷம் போட்டவரைத் தெரியுமா என்று மட்டும் கேட்டேன். வாயில் பதிலைத் திணிக்கக் கூடாது என்று உனக்கு நான்தானே சொல்லிக்கொடுத்தேன்.

அண்ணாச்சிக்கு நல்ல ஞாபகம் இருந்தது. தூத்துக்குடித் தோணிக்காரர், நெடுநெடுவென்று இருப்பார், இங்கிலீசில் நாலு வார்த்தை சொல்லிவிட்டுத் தமிழில் திட்டுவார் என்றார். முதல் வருடம் அவர் வந்தபோது துரை தோற்று ஓடுவதோடு நாடகம் முடிந்ததாம். ஓடுகிறவரைப் பார்த்து மண்ணாங்கட்டி பறந்தது. அதில் யாரோ கல்லையும் வைத்து எறிந்துவிட்டார்கள்.

"நெத்தியில பட்டு ரத்தம் கொட்டுது. மனுசன் தொப்பியால அமுக்கிப் பிடிச்சிக்கிட்டு ஓடுத மாரியே நடிச்சிட்டுப் போனாரு. எங்க தெருப் பயலுவ வேல. அடுத்த வருசம் வர மாட்டாருன்னுல்லா பேசிக்கிட்டோம்" என்றார் அண்ணாச்சி. "வந்தாரு. ஓடல. கோட்டயப் பாத்துக்கிட்டு நின்னாரு. நின்னுக்கிட்டு அந்த வார்த்தயச் சொன்னாரு பாருங்க. கையில கட்டி வச்சிருந்தவனெல்லாம் கீழ போட்டுட்டான்."

நான் அந்த வரியைச் சொல்லவில்லை. அவராகவே சொன்னார், ஓர் எழுத்து மாறாமல். நாடக வாத்தியார் எழுதிக் கொடுத்ததா என்று கேட்டேன். வாத்தியாரே மேடைக்குப் பின்னால் வாயைப் பிளந்துகொண்டு நின்றார் என்றும், அன்றிலிருந்து துரை வேஷத்துக்கு அதுதான் கடைசி வசனம் என்றும் சொன்னார். அப்படியானால் அது எப்படிப் பேச்சுப் போட்டிக்கு வந்தது? அண்ணாச்சி வெட்கப்பட்டுச் சிரித்தார். அடுத்த மாதமே பள்ளியில் பேச்சுப் போட்டி. நம் பேச்சுப் போட்டிகளில் எதிரியே புகழ்ந்தான் என்று ஒரு வரி சொன்னால் நடுவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள், உனக்குத் தெரியாதா, நீயும் நாலு கோப்பை வாங்கியவள்தானே. அண்ணாச்சி அந்த வரியை எடுத்து, ஓர் ஆங்கிலத் தளபதி சொன்னான் என்று பேசினார். முதல் பரிசு. "நாடகத்துல கேட்டதுன்னு சொன்னா மார்க்கக் கொறச்சிருவாங்கல்லா" என்றார். அதைக் கேட்டு மற்றப் பிள்ளைகளும் பேசினார்கள். அப்புறம் யாரோ தொகுப்பில் போட்டார்கள். நம் கிணற்றின் கடைசிப் படி அந்தத் தொகுப்பு. அதற்கும் கீழே தண்ணீர் இருந்த இடம் ஒரு கோயில் கொடை மேடை.

திரும்பும் பஸ்ஸில் எனக்கு இரண்டு விதமாக இருந்தது. அத்தை சொன்னதை உடைக்கப் போய், அதை அவரைவிட உறுதியாக நானே நிரூபித்துவிட்டேன். அது ஒரு வயிற்றெரிச்சல். ஆனால் இன்னொன்றும் இருந்தது, அது எனக்கு இனித்தது. நெற்றித் தழும்பு பாய்மரம் அடித்து வந்தது இல்லை. அவருடைய அப்பாவைப் பற்றி அவருக்கே தெரியாத ஒன்று இப்போது என் கையில். ஒரு வாரம் அதை யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டு திரிந்தேன். நீ போன் செய்து, அந்த ஊருக்குப் போனீர்களாமே, என்ன ஆயிற்று என்று கேட்டாய். ஒன்றும் இல்லை என்றேன். அத்தையிடம் இருப்பதைவிடப் பெரியது என்னிடம் இருக்கிறது என்ற நினைப்பு எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா. அதே நேரத்தில், காப்பி ஆற்றும்போதும் துணி மடிக்கும்போதும், கல்லால் அடிபட்ட மனிதர் வீட்டுக்கு வந்து பிள்ளைகளிடம் பாய்மரம் என்று சொன்னது என்னை விடவில்லை. எந்த ஊர் தன்மேல் எறிந்தது என்று பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாது என்று நினைத்திருக்கிறார். அடுத்த வருடம் அதே ஊருக்குப் போயும் இருக்கிறார். இதைக் கேட்க வேண்டியவர் நான் இல்லை.

போனேன். அத்தை மட்டும்தான் இருந்தார். நேராகக் குசினிக்கே போய் நின்றபடி சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் சொல்லாமல் வந்துவிடுவேனோ என்று பயம். அவர் அடுப்பை அணைத்தார். பிறகு, "எங்ககிட்ட பாய்மரம்னுல்லா சொன்னாரு" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த வருடம் அம்மா மஞ்சள் வைத்துக் கட்டியது ஞாபகம் இருக்கிறது, மறு வருடம் போக வேண்டாம் என்று அம்மா அழுததும் ஞாபகம் இருக்கிறது, ஏன் என்றுதான் தெரியாது என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "மதினி, அந்த ஊருக்கு என்னய ஒரு நாளு கூட்டிட்டுப் போவியளா? மருமவளையும் கூப்பிடுவோம்" என்றார். நான் சட்டென்று, "அவளுக்கு லீவு கிடையாது, நாம ரெண்டு பேரும் போவோம்" என்றேன். உன்னிடம் கேட்கவே இல்லை. போய்விட்டு வந்தும்விட்டோம். அண்ணாச்சி அவர் முகத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். மற்றதை நான் உனக்குச் சொல்ல மாட்டேன். நீ என்னை விட்டுவிட்டுக் கேட்டாய் அல்லவா, நான் உன்னை விட்டுவிட்டுப் பார்த்தேன். உன் அம்மா எவ்வளவு சின்னப் புத்திக்காரி என்று தெரிந்துகொள்.

கல் விஷயம் அவ்வளவு எளிதாக முடியவில்லை. தளபதியின் பெயர் இருந்தால்தான் எடுப்பாக இருக்கும் என்று பழைய மாணவர்கள் சொன்னார்கள். நாடக வசனம் என்று போட்டால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று தலைமையாசிரியை தயங்கினார். எல்லோரும் என்னிடம் படித்தவர்கள். நான் கற்றுக்கொடுத்ததை எனக்கே திருப்பிச் சொன்னார்கள். அவர்களிடம் நான் ஓர் உதாரணம் சொன்னேன். பந்தயத்தில் தோற்றவன் ஜெயித்தவனைப் புகழ்கிறான் என்றால் அதில் அவனுடைய மானமும் இருக்கிறது; பெரியவனிடம்தான் தோற்றேன் என்று காட்டிக்கொள்ளலாம். அந்தத் தோணிக்காரருக்கு அப்படி எந்த லாபமும் இல்லை. தன் நெற்றியை உடைத்த ஊரின் முன்னால் மறுபடியும் அதே கோட்டோடு போய் நின்று, உங்கள் முன்னோர்கள் பாறை என்று சொன்னார். எதிரி சொன்னது பெரிதா, இது பெரிதா என்று கேட்டேன். வகுப்பில் கிடைக்கும் அந்த அமைதி கிடைத்தது, இந்த முறை பொய் இல்லாமல். கல்லில் வரிக்குக் கீழே அவர் பெயரும், தூத்துக்குடித் தோணிக்காரர், கொடை நாடகத்தில் துரை வேஷத்தில் சொன்னது என்பதும் வரும். திறந்து வைப்பவர் உன் அத்தை. அதையும் நான்தான் சொன்னேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து அப்பாவிடம் ஒன்றுமில்லாத காரியத்துக்குச் சண்டை போட்டேன்.

பொறாமை போய்விட்டதா என்று கேட்பாய். போகவில்லை. நேற்று அவர் போன் செய்து, மருமகள் இன்னது பிடிக்கும் என்றாள், அன்னது பிடிக்கும் என்றாள் என்று சந்தோஷமாகச் சொன்னபோது மறுபடியும் வந்தது. ஒன்றை மட்டும் இந்த இரண்டு மாதத்தில் புரிந்துகொண்டேன். உன்னுடைய கேள்விகளுக்கு எல்லாம் பதில் என்னிடம்தான் இருக்க வேண்டும் என்று நான் நினைத்ததால்தான், சரியான ஆளிடம் கேட்க நமக்கு இவ்வளவு வருடம் ஆயிற்று. அந்த வீடு நம் வீட்டிலிருந்து ஆட்டோவில் போகிற தூரம். நாம் திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் போனோம். புத்தகம் இருக்கிற இடத்துக்கெல்லாம் போய், மனிதர்கள் இருக்கிற தெருவுக்குள் போகவில்லை. நீ போனாய். அதற்காக நான் பெருமைப்பட வேண்டும். பெருமையும் இருக்கிறது, பொறாமைக்கு அடியில்.

புது வீட்டில் உனக்கு ஆயிரம் புத்திமதி சொல்வார்கள். பெரியம்மா ஒரு பட்டியலே வைத்திருக்கிறாள். நான் ஒன்றுதான் சொல்கிறேன், செய்து பார். அந்த வீட்டுக்குப் போன முதல் வாரத்தில் அத்தை சும்மா இருக்கும் ஒரு மத்தியானம், எனக்குத் தெரியாத ஏதாவது ஒன்றை அவரிடம் கேள். அவர் சொல்லி முடித்ததும் எனக்குப் போன் செய்யக் கை பரபரக்கும். செய்யாதே. அதை உங்கள் இருவருக்குள்ளேயே வைத்துக்கொள்.

உன் அம்மா